சும்மா கிடக்கும் நிலம்

காங்கயம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அம்மிணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். பத்து நாளாகப் பெய்த மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, காடெல்லாம் பச்சை கட்டியிருக்கிறது.

போன வாரம் பேசும்போது, அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் போனால் மணிக்கணக்காக ஆளையே காணோம், அவ்வளவு நிலமும் சும்மா கிடக்கிறது என்றாய். சற்று நேரத்தில், ஆடு மாடு மேய வேலி கட்டி விட்டிருக்கும் நம்முடைய பதினான்கு ஏக்கர் கொறங்காட்டைப் பற்றியும் அதே சொல்லைச் சொன்னாய். சும்மா கிடப்பதை, மனை பிரிக்கக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்றாய். அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. போனில் ஆற அமரப் பேச முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறத்தாழ 76.9 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் பரப்பு 32.87 லட்சம். இரண்டேகால் மடங்குக்கும் சற்று மேலான அந்தப் பெரிய நாட்டில் மூன்று கோடிப் பேர்கூட இல்லை. இங்கே 140 கோடிக்கு மேல் இருக்கிறோம். இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் நீ சொன்னதுதான் சரி என்று தோன்றும். ஆனால் நம் பக்கத்தில் யாரும் நிலத்தை வெறும் ஏக்கரால் மட்டும் அளப்பதில்லை. பெண் கொடுக்கப் போகிற இடத்தில்கூட வயல் எவ்வளவு, தோட்டம் எவ்வளவு, காடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். வாய்க்கால் பாய்வது வயல், கிணற்றுத் தண்ணீர் இறைப்பது தோட்டம், வானத்தை நம்பியிருப்பது காடு. பத்து ஏக்கர் காடு வைத்திருப்பவரைவிட, கீழ்பவானி வாய்க்கால் பாயும் மூன்று ஏக்கர்க்காரர் நிம்மதியாக இருப்பதை நீயே பார்த்து வளர்ந்தவள்.

நாடுகளையும் அப்படியே அளந்து பார். இந்தியாவில் ஆண்டுதோறும் விதைக்கிற நிலம் ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர், அதாவது நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். ஆஸ்திரேலியாவில் பயிர் செய்யத் தோதான நிலம் மொத்தப் பரப்பில் நான்கு சதவீத அளவுதான், ஏறக்குறைய 3 கோடி ஹெக்டேர். உழுகிற நிலத்தால் அளந்தால் நம் நாடுதான் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் பெரியது. அந்த நாட்டில் ஏறத்தாழ பாதி, ஆடு மாடு மேய்வதற்கே போகிறது. உங்கள் மாநிலத்தில் இருக்கும் அன்னா கிரீக் என்ற மாட்டுப் பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்த அளவு. இங்கோ 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக முக்கால் ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

அந்த நிலமெல்லாம் ஏன் உழப்படாமல் கிடக்கிறது என்பதற்கு உன் ஊர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் கொய்டர், கடும் வறட்சி நிலவிய 1865ஆம் ஆண்டில் குதிரையில் நெடுந்தூரம் போய், மண்ணையும் செடிகொடிகளையும் பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குத் தெற்கே கோதுமை விதைக்கலாம், வடக்கே மழையை நம்ப முடியாது, அது மேய்ச்சலுக்கு மட்டுமே என்றார். ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர் பெய்கிற இடங்களை ஒட்டி அந்தக் கோடு போகிறது. 1870களில் சில ஆண்டுகள் மழை நன்றாகப் பெய்தவுடன் ஜனங்கள் அதை மதிக்காமல் வடக்கே போய் உழுதார்கள்; உழுத இடத்துக்கு மழை தானே பின்தொடர்ந்து வரும் என்றும் அக்காலத்தில் நம்பினார்கள். 1880களின் வறட்சி வந்தபோது வீடு வாசலை விட்டுத் திரும்பினார்கள். அவர்கள் கட்டிய கல் வீடுகள் இன்னும் சுவர் மட்டுமாக நிற்கின்றனவாம்.

காங்கயத்தில் 600 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறதே, கொய்டர் கோட்டைவிட இரண்டு மடங்காயிற்றே என்று நீ கேட்கலாம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்வதால் ஈரம் மண்ணில் தங்குகிறது, கோதுமைக்கு அது போதும். நமக்கு அதில் பெரும்பகுதி புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் இடையில் சில நாட்களில் கொட்டிவிடுகிறது. மற்ற மாதங்களில் வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும் சரளை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. இதைப் பார்த்துத்தான் நம் பெரியவர்கள் அந்தப் பதினான்கு ஏக்கரை உழாமல் கொறங்காடாக விட்டார்கள். சுற்றிலும் கிளுவை மரத்தில் வெட்டிய கிளைகளை, அதாவது போத்துகளை, நட்டு உயிர்வேலி கட்டி, உள்ளே நான்காகத் தடுத்து, வெள்வேல மரங்களை வளர்த்து, ஒரு பகுதி மேயும்போது மற்றவை தழையும்படி வைத்தார்கள். சித்திரையில் புல் காய்ந்தாலும் வெள்வேலக் காய் உதிரும், செம்மறிகள் அதைத் தின்று தாக்குப்பிடிக்கும். உன் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்த ஆடுகளும் காங்கயம் கன்றுகளும் கொடுத்த பணம் என்பதை உன்னிடம் இதற்கு முன் சொன்னதில்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் கொறங்காட்டின் உயிர் கொழுக்கட்டைப் புல். பஃபல் என்ற பெயரில் அதே புல் அங்கேயும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகம் ஓட்டிப் போனவர்களின் சேணத் திணிப்பில் அதன் விதை போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். பிறகு குயின்ஸ்லாந்தில் மேய்ச்சலுக்கென்று வேண்டி விதைத்தார்கள். ஆனால் நடுப்பகுதிப் பாலைநிலத்தில் அது அந்த மண்ணின் செடிகளை நெருக்கி, காய்ந்தவுடன் பெருந்தீக்கு இரையாவதால், உங்கள் மாநிலத்தில் அதைக் களை என்றே அறிவித்திருக்கிறார்கள். இங்கே நம்மை வாழவைத்த புல், அங்கே பிறர் நிலத்தைக் கெடுக்கிறது என்று படித்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆகவே கொறங்காட்டை நான் மனைக்குக் கொடுக்கப் போவதில்லை. மேற்கு மூலையில் வேலி பத்து ஆள் கைவிரித்த நீளத்துக்கு விழுந்து கிடக்கிறது, அடுத்த வாரம் போத்து வெட்டி நடச் சொல்லியிருக்கிறேன். தை மாதம் வரும்போது பேத்தியை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முன் மீண்டும் வடக்கே போனால், கொய்டர் கோட்டைத் தாண்டும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இரு பக்கமும் என்ன செடி நிற்கிறது என்று படமெடுத்து அனுப்பு. சாலையோரத்தில் நம் புல்லின் கதிரைக் கண்டால் அதையும் எடுத்து அனுப்பு, ஆனால் பறித்துக் காருக்குள் வைத்துவிடாதே, விதை ஒட்டிக்கொண்டு போய்விடும்.

அன்புடன்,
அப்பா