சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஊசி கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பக்கத்திலேயே கொரோனா தடுப்பூசி முகாம் வைத்தும் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று சென்ற வாரம் தலையங்கத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். நான் திருப்பூரில் 22 பேரை வைத்து, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பனியன் யூனிட் நடத்துகிறேன். இந்த 22 பேரில் இரண்டு தவணையும் போட்டவர்கள் 7 பேர்தான். 11 பேர் ஒரு தவணையோடு நிற்கிறார்கள். மீதி 4 பேர் இன்னும் போடவே இல்லை. உங்கள் கணக்குப்படி இந்த 15 பேரும் அலட்சியக்காரர்கள். தினமும் இவர்களோடு இருக்கிறவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி போடும் பணியை முதல்வர் மே 20ஆம் தேதி தொடங்கி வைத்ததே எங்கள் ஊரில்தான், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில். அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கு இருந்த ஆர்வத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரடங்கில் மெஷின்கள் சும்மா கிடந்தன, ஆட்களும் சும்மா இருந்தார்கள். விடிகாலை நாலு மணிக்கே டோக்கனுக்கு வரிசையில் போய் நின்றார்கள். ஊசிதான் இல்லை. இருநூறு பேர் நிற்கிற இடத்தில் நூறு டோக்கன் கொடுத்து, ‘ஸ்டாக் வந்ததும் சொல்கிறோம்’ என்று மற்றவர்களை அனுப்பினார்கள். என் டெய்லர் ஒருவர் மூன்று நாள் போய் மூன்று நாளும் வெறுங்கையோடு வந்தார்.

அப்புறம் ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும், தொற்று குறையவில்லை என்று திருப்பூர் உட்பட 11 மாவட்டங்களை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். எங்களுக்குப் பிந்தித்தான் திறந்தது. திறந்ததும் முடங்கிக் கிடந்த ஆர்டர் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அன்றிலிருந்து ஒன்றரை ஷிப்டுதான்: காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. ஊசி தட்டுப்பாடும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் தீர ஆரம்பித்தது. நேரம் இருந்தபோது ஊசி இல்லை, ஊசி வந்தபோது நேரம் போய்விட்டது. நான் பார்த்த வரையில் விஷயம் இவ்வளவுதான்.

இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஜூன் கடைசியில் நாலு பேர் முதல் தவணை போட்டு வந்தார்கள். மறுநாள் இரண்டு பேருக்குக் காய்ச்சல், கை கால் வலி. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை. ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்த நான் அந்த வாரச் சம்பளத்தில் இரண்டு நாளையும் பிடித்துவிட்டேன். டெய்லருக்கு ஒன்றரை ஷிப்டுக்கு 700 ரூபாய் என்றால் இரண்டு நாளைக்கு 1,400. அரசாங்கம் இலவசமாகப் போட்ட ஊசிக்கு அவர் கொடுத்த விலை அது. அடுத்த முகாமுக்குப் போகச் சொன்னபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மட்டும், “காய்ச்சல் வந்தா நீங்க சம்பளம் குடுப்பீங்களாண்ணா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போது ஒரு நாள் சம்பளம் கொடுக்கிறேன். அதைத் தாண்டி என்னால் முடியாது. பீஸ் ரேட்டில் பாதி கம்பெனிக்காரர்களிடம் நிலுவையாக நிற்கும் யூனிட் இது.

வதந்தியும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நடிகர் விவேக் ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டு 17ஆம் தேதி இறந்தது எங்கள் ஊரில் எத்தனை பேரை வீட்டிலேயே உட்கார வைத்தது என்பது எனக்குத் தெரியும். அவர் இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னதாக இப்போதுதான் செய்தி வந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து வந்த அந்தச் செய்தியை டீக்கடையில் யாரும் பேசக்கூட இல்லை. என் யூனிட்டில் போடாமல் இருக்கும் நாலு பேரில் ஒருவர்தான் இன்னும் விவேக்கைச் சொல்கிறார். மற்ற மூவரும் சொல்வது சம்பளத்தை.

செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 20 லட்சம் பேருக்கு என்று குறி வைத்து ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டது சாதாரண வேலையா? ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு போட்டால் திங்கட்கிழமை காய்ச்சல், திங்கட்கிழமை வேலை நாள். இப்போது, கறி சாப்பிடுகிறவர்களும் குடிக்கிறவர்களும் ஞாயிறன்று வரத் தயங்குகிறார்கள் என்று அக்டோபர் 23ஆம் தேதி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். காரணத்தைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறியை விட்டுவிட்டு ஊசிக்கு வா என்றால் எங்கள் ஊரில் யார் வருவார்கள்? எனக்குச் சனிக்கிழமை வேறு காரணத்துக்காகப் பிடித்திருந்தது. சனிக்கிழமை போட்டால் காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை வரும், ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. யாருக்கும் சம்பளம் போகாது.

சரி, 23ஆம் தேதி என்ன நடந்தது? முகாம் காலை 7 முதல் மாலை 7 வரை. சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள், அன்றைக்கு யாரும் பாதியில் போக மாட்டார்கள். கெஞ்சி மூன்று பேரை மட்டும் ஆறே முக்காலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே செவிலியர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மூன்று பேருக்காகத் திறந்தால் ஏழு பேர் மருந்து வீண் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. காலை 7 மணியிலிருந்து நிற்கிற பெண், அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மூவரும் திரும்பி வந்துவிட்டார்கள். இனி அந்த மூவரையும் அனுப்புவது பெரும்பாடு.

அதே 23ஆம் தேதிதான் அடுத்த கட்டத் தளர்வுகளும் வந்தன. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் இரவு 11 மணிக் கட்டுப்பாடு இல்லை. நவம்பர் 1 முதல் தியேட்டர்களில் எல்லா இருக்கையிலும் ஆட்களை உட்கார வைக்கலாம். அன்றைக்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளியும் திறக்கிறது. நான் தளர்வுக்கு எதிரி இல்லை, தளர்வு இல்லாவிட்டால் என் யூனிட் இல்லை. பள்ளி திறப்பதில் எல்லோரையும் விட அதிக சந்தோஷம் என் செக்கிங் பெண்களுக்குத்தான். இத்தனை மாதம் பிள்ளைகளை மெஷினுக்கு அடியில் உட்கார வைத்துத்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் ஓட்டல் இரவு 11க்கு மேலும் திறந்திருக்கலாம் என்கிற ஊரில் ஊசி மட்டும் ஏன் மாலை 7 மணிக்குக் கடையைச் சாத்த வேண்டும்?

நவம்பர் 4 தீபாவளி. போனஸ் வாங்கியதும் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும், சிலர் வரவே மாட்டார்கள். ஊரில் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம்தான். ஆனால் முதல் தவணைக்கு ஒரு கைப்பேசி எண்ணில் நாலு பேர் வரை பதியலாம் என்பதால், போன் இல்லாதவர்களுக்கு என் எண்ணைத்தான் கொடுத்தேன். முதல் தவணை போட்டு 84 நாள் முடிந்துவிட்டது, இரண்டாம் தவணைக்கு வாருங்கள் என்று அவர்களுக்கான குறுஞ்செய்தி எனக்குத்தான் வருகிறது. அதில் ஒருவர் ஆகஸ்டிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை பெரியது ஒன்றும் இல்லை. பனியன் தொழில் நடக்கும் பகுதிகளில் மட்டுமாவது சனிக்கிழமை முகாமை இரவு பத்து மணி வரை நடத்த வேண்டும். காலையிலிருந்து நிற்கும் அதே செவிலியரை இரவும் நிற்கச் சொல்லக் கூடாது, மாலைக்குத் தனி ஆட்கள் வேண்டும். பள்ளிக்கூடத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. எங்கள் சந்தில் மட்டும் ஆறு யூனிட் இருக்கிறது. ஆறு பேரும் பேசிவிட்டோம். போட வேண்டியவர்கள் எல்லா யூனிட்டிலும் சேர்த்து அறுபதுக்கும் மேல், அதாவது ஆறு குப்பி. மருந்து வீணாகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை மனுவாக எழுதியும் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. உங்கள் இதழில் வந்தால் யாராவது பார்ப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வருகிற 30ஆம் தேதி முகாமுக்கு முன் இது நடந்தால் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடலாம். எட்டரைக்கு மெஷினை நிறுத்தியதும் ஆட்களை ஒரே இடத்தில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. மேசை, நாற்காலி, விளக்கு, டீ எல்லாம் எங்கள் செலவு. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்கிறார்களே, அந்த நேரத்தில் வாரச் சம்பளக் கவரைக் கொடுத்துவிடுவோம், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

இப்படிக்கு,
பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.
26-10-2021