கோட்டு யார் செலவில்?

மலேசிய விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். விமான நிலையத்திலும், ஹோட்டல் உணவறையிலும், பரிசளிப்பு விருந்திலும் ஆட்டக்காரர்கள் ‘முறையான உடை’ அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். அணியின் பெயரைத் தாங்கிப் போகிறவர்கள் கசங்கிய டி-சட்டையோடு விருந்து மேடையில் நிற்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த உடைக்கு யார் பணம் கொடுப்பது?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக், 2005 அக்டோபரில் இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. முந்தைய நவம்பரில் ஆட்டக்காரர்கள் ரசிகர்களோடு கைகலந்த பிறகு, லீக்கின் தலைவர் டேவிட் ஸ்டெர்னுக்குப் பேரைக் காப்பாற்றும் கவலை வந்திருந்தது. அரைக்கால்சட்டை, கையில்லாச் சட்டை, உடைக்கு மேல் தொங்கும் சங்கிலி எல்லாம் கூடாது என்றது அந்த விதி. காயத்தால் ஆடாமல் பெஞ்சில் உட்காருகிறவரும் கோட்டு அணிய வேண்டியிருந்தது. உடை வாங்கப் படிப்பணம் கொடுத்தால் ஒழிய இது நடக்காது என்றார் மார்கஸ் கேம்பி என்ற ஆட்டக்காரர். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர் அல்லவா, ஊரே சிரித்தது.

அதே பேச்சை இங்கே ஒரு மாநில ஆட்டக்காரர் பேசினால் சிரிக்க முடியுமா? என் மகள் பூப்பந்து ஆடுகிறாள். மட்டைக்கு நரம்பு கட்டுவது, காலணி, பயணம் என்று கைக்காசு கரைகிறது. ஒரு விருந்துக்காக மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் தைத்த கோட்டு அலமாரியில்தான் தொங்குகிறது. கோலாலம்பூர் வெயிலுக்கு அதை வேறெங்கே போடுவாள்?

கோட்டே வேண்டுமா என்ன? அரசு விருந்துகளிலேயே நீண்ட கை பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி) சட்டை மரியாதையான உடைதான். சேலையும் பஞ்சாபி உடையும் ஏற்கப்படும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மூக்குத்திக்கும் நெற்றித் திருநீற்றுக்கும் தடையில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். ‘முறையான’ என்று மொட்டையாக விட்டால், வாசலில் நிற்கும் அதிகாரியின் ரசனையே விதியாகிவிடுகிறது. சங்கிலித் தடை கறுப்பின இளைஞர்களைக் குறி வைக்கிறது என்று ஸ்டீபன் ஜாக்சன் என்ற என்பிஏ ஆட்டக்காரர் அன்றே கொதித்தார். (ரசிகர்களோடு நடந்த அந்தக் கைகலப்பில் அவரும் இருந்தார் என்பது வேறு விஷயம்.) எழுதுகிறவர் மனத்தில் யாருடைய தோற்றம் உறுத்துகிறது என்பதைத் தடைப்பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த சுற்றறிக்கையில் உடைகளின் பெயர்களுக்குக் கீழே, அவற்றுக்காகத் தலைக்கு எத்தனை ரிங்கிட் தருவீர்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். தர இயலாது என்றால், அணிச் சீருடையிலேயே விருந்துக்கு வரலாம் என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரியின் தந்தை,
செந்தூல், கோலாலம்பூர்