அண்ணனுக்குப் பசிக்காதது பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்ததிலிருந்து அண்ணன் நினைவாகவே இருக்கிறேன். தட்டைக் கொண்டுபோய் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை, வீம்பு பிடிக்கிறார் என்று அண்ணி அழுகிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அது வீம்பு இல்லை கோமதி. அண்ணனைப் போலச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கிறவர்களின் சாப்பாட்டைக் கவனிக்கிற வேலையில்தான் என் காலம் போயிருக்கிறது. இதே புகாரோடு எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

பசியைக் கெடுப்பவை எவை என்றால், யூரியா என்ற கழிவு ரத்தத்தில் தேங்குவது, ரத்தசோகை, வாய்க்கசப்பு, கை நிறைய மாத்திரைகள், இதெல்லாம் உனக்குத் தெரியும். பலரும் சொல்லாத ஒன்று உண்டு, உடம்பிலிருக்கும் கொழுப்பு. அது சும்மா படிந்து கிடப்பதில்லை. தானே ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அவற்றில் முக்கியமானது லெப்டின். 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு எலிகளை வைத்து அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. மூளையின் ஹைபோதலாமஸுக்குப் போய், ‘சேமிப்பு இருக்கிறது, சாப்பிட்டது போதும்’ என்று சொல்வது அதன் வேலை.

வேலை முடிந்த லெப்டினை ரத்தத்திலிருந்து பெருமளவு அகற்றுவது சிறுநீரகம்தான். அது செயலிழந்தால் லெப்டின் தேங்கிவிடுகிறது. உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறதோ அதற்குப் பொருந்தாத அளவுக்கு ஏறியிருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். டயாலிசிஸ்தான் நடக்கிறதே என்று நீ கேட்பாய். யூரியா மிகச் சின்ன மூலக்கூறு, மூலக்கூறு எடையை அளக்கும் டால்டன் கணக்கில் அது 60தான். லெப்டினோ ஏறக்குறைய 16,000. சாதாரண ஃபில்டரின் துளைகளில் அது நுழையாது. துளைகள் பெரிதாக உள்ள ஹை-ஃப்ளக்ஸ் ஃபில்டரும், நிறையத் திரவத்தையும் சேர்த்து வடிகட்டி எடுக்கும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையும் ஓரளவு குறைக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் நன்றாகவே இறங்கும்.

2005இல் வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எலிகளின் சிறுநீரகத்தில் பெரும்பகுதியை நீக்கினார்கள். சாதாரண எலிகள் தீனியைக் குறைத்து இளைத்துப் போயின. லெப்டினை உணரும் ஏற்பியே இல்லாத எலிகள் அப்படி உருகவில்லை. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மைதான். நம் உடம்பில் அழற்சி, அமிலத்தன்மை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து பசியைக் கெடுக்கின்றன. அதிக லெப்டின் என்பது கொழுப்பு மிச்சமிருக்கிறது என்பதற்கும் அடையாளம். ஆனாலும் ‘மனசு வைத்தால் சாப்பிடலாமே’ என்று அண்ணனிடம் இனி யாரும் சொல்லக் கூடாது. அவர் மூளைக்குப் போகிற செய்தியே வேறு.

கொழுப்பு சுரக்கும் இன்னொன்றான அடிபோனெக்டின் நல்ல ஹார்மோன் என்று உன் மகன் படித்துவிட்டு, அண்ணனுக்கு அது கூடியிருந்தால் சந்தோஷப்படலாமா என்று கேட்டிருந்தானே. ஆரோக்கியமானவர்களிடம் அது நல்லதுதான். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும், அழற்சியைத் தணிக்கும். உடல் பெருத்தால் குறையும், இளைத்தால் கூடும். சிறுநீரகம் பழுதானவர்களிடம் அது இரண்டு மூன்று மடங்கு வரை ஏறிவிடுகிறது. 2002இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், டயாலிசிஸ் நோயாளிகளில் அடிபோனெக்டின் குறைவாக இருந்தவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அது அதிகமாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். தசையும் கொழுப்பும் கரையும்போது அது ஏறுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷமும் வேண்டாம், பயமும் வேண்டாம். லெப்டின், அடிபோனெக்டின் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். சிகிச்சையை அவை மாற்றப் போவதில்லை.

பார்க்க வேண்டியது தசையை. ஹீமோடயாலிசிஸில் பருமனானவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான், ஆனால் அதை நம்பி வயிற்றுக் கொழுப்பை வளர்க்கக் கூடாது. எடை இயந்திரமும் ஏமாற்றும். தசை கரைந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பினால் முள் நகரவே நகராது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வைக்கச் சொல். டேப்பை இழுத்து இறுக்க வேண்டாம், தோலில் பட்டால் போதும். அந்தச் சுற்றளவு மாதாமாதம் குறைந்தால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். டிரை வெயிட்டை, அதாவது மிகுதித் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும்.

அண்ணி இன்னும் புரதத்தைக் குறைத்தே கொடுக்கிறாரா? டயாலிசிஸ் தொடங்கும் முன் குறைக்கச் சொன்னது சரி. தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழ். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் வெளியேறிவிடுகின்றன. பழைய பத்தியத்தையே பயந்து பயந்து பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். பாஸ்பரஸ், பொட்டாசியம் பார்த்து எதைக் கூட்டலாம் என்று அங்குள்ள உணவியல் நிபுணரிடம் கேட்கட்டும். ஒரே தட்டில் நிறைய வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் அவருக்கும் மலைப்பாக இருக்காது.

எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது! சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர்கிறாள்.

சரி, அப்புறம், அண்ணனின் கடைசி மூன்று மாத ரிப்போர்ட்டை அனுப்பு. ஆல்புமின், பைகார்பனேட், பாஸ்பரஸ் மூன்றும் அதில் இருக்க வேண்டும். எந்த வகை ஃபில்டர் போடுகிறார்கள் என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
வத்சலா