சிரிக்காமல் சொல்லப்படும் சிரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில், சிறுகதையில் நகைச்சுவையின் இடம் குறித்து வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். கனமான விஷயத்தைச் சொல்லும்போது வாசகர் களைத்துப்போகாமல் இருக்க எழுத்தாளர் இடையிடையே தூவும் இளைப்பாறல்தான் நகைச்சுவை என்பது கட்டுரையாளரின் முடிவு. முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த நானும் இதே கருத்தை வெகுகாலம் பிள்ளைகளிடம் ஒப்பித்து வந்தவன்தான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, இப்போது அதை மறுத்து எழுதுகிறேன். ஒரு கதையின் தொனி, அதாவது கதைசொல்லி எங்கே நின்றுகொண்டு எந்தக் குரலில் நம்மிடம் பேசுகிறார் என்பது, பல நல்ல கதைகளில் நகையாலும் முரணாலுமே ஆகியிருக்கிறது. அதை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சம்பவம்தான்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் தொடக்கத்தையே பார்க்கலாம். (கந்தசாமிப் பிள்ளையின் ஊரான மேலகரம் எங்கள் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் என்பதால் இந்தக் கதைமேல் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.) தந்தையின் பெயர், ஊர்ப்பெயர், தலைப்பெழுத்துகள், ‘ஏகபுத்திரன்’, போதாததற்கு ‘அவர்கள்’ என்று கல்யாணப் பத்திரிகைக்கும் கிரயப் பத்திரத்துக்கும் உரிய மிடுக்கோடு கந்தசாமிப் பிள்ளை நமக்கு அறிமுகம் செய்துவைக்கப்படுகிறார். இத்தனை விருதுகளோடு வந்த மனிதர் என்ன செய்கிறார் என்றால், சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில், ‘ஆபத்தில்லாத ஓரத்தில்’ நின்றுகொண்டு, டிராமில் போனால் மிச்சமாகும் காசுக்கு வெற்றிலை போடலாமா, பஸ்ஸில் போய்க் கண்டக்டரைச் சற்று ஏமாற்றினால் அரை கப் காப்பி குடிக்கலாமா என்று தீவிரமாகச் சிந்திக்கிறார். இதையே, ‘கந்தசாமி என்பவர் தெருவோரம் நின்று, வீட்டுக்கு எதில் போவது என்று யோசித்தார்’ என்று நான் வகுப்பில் ஒருமுறை கரும்பலகையில் மாற்றி எழுதிக் காட்டினேன். செய்தி ஒன்றும் குறையவில்லை. ஆனால் பிள்ளையவர்கள் ஆளே காணாமல் போய்விட்டார். நடையின் உயரத்துக்கும் நடப்பதன் தாழ்வுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் அந்த மனிதர் குடியிருந்தார். அதில் ‘ஆபத்தில்லாத’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் தனியாகக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவருடைய மொத்தச் சுபாவத்தையும் அது சொல்லிவிடுகிறது, சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமலே.

அதே கதையில், மனித உருவில் பிள்ளையைச் சந்திக்க வந்த கடவுள் ஹோட்டலில் காப்பியைக் குடித்துச் சொக்கிப்போய், இது நம்முடைய லீலை என்கிறார். உங்கள் லீலை இல்லை, சிக்கரிப் பவுடரைக் கலந்த ஹோட்டல்காரனின் லீலை, உங்கள் லீலையைப் பில் கொடுக்கும்போது காட்டுங்கள் என்ற பொருளில் பிள்ளை அவர் காதில் ஓதுகிறார். இந்த இடத்தில் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் இது இளைப்பாறலா? மனித வாழ்க்கையில் கடவுளுக்கு மிச்சமிருக்கும் வேலை என்ன என்ற கேள்வி, கதை முழுவதற்குமான அந்தக் கேள்வி, இந்தக் காப்பி டம்ளரில்தான் முதலில் கலக்கப்படுகிறது. எட்ட நின்று வரம் கொடுக்கலாமே தவிர உங்களோடு உடன் இருந்து வாழ முடியாது என்று கடைசியில் கடவுள் கைவிரிக்கும்போது நமக்கு உறைப்பதற்கு, சிக்கரியைப் பற்றி நாம் சிரித்து முடித்திருப்பது அவசியமாகிறது.

முரணின் இன்னொரு வகை இதைவிடக் கசப்பானது. எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர்களிடையே ‘பொன்னகரம்’ கதையை நான் உரக்கப் படித்தேன். 1934-இல் ‘மணிக்கொடி’ இதழில் வந்த, மூன்று நான்கு பக்கங்களே உள்ள கதை. படித்து முடித்ததும் ஒரு கல்லூரி மாணவி, “ஐயா, இவ்வளவு துயரத்தை ஏதோ ஊர் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி குஷியாகச் சொல்கிறாரே, இவருக்கு இரக்கமே கிடையாதா?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. புராணத்துச் சொர்க்கத்தின் பெயரைச் சூட்டிய சேரிக்கு நம்மை அழைத்துச் செல்கிற அந்தக் குரல், வேண்டுமென்றேதான் உற்சாகமாக இருக்கிறது. ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்க, மில் கூலியான அம்மாளு இருட்டில் ஒருவனோடு மறைந்து திரும்பியதை, அவள் முக்கால் ரூபாய் ‘சம்பாதித்து விட்டாள்’ என்கிறார் கதைசொல்லி. மில்லில் வாங்குகிற கூலிக்கும் நாம் சொல்லும் வினைச்சொல் அதுதான். உடனே, ‘ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!’ என்று ஒரு வாக்கியம். அந்த ‘ஆம்’ யாருக்கான பதில்? கதைக்குள் யாரும் எதையும் கேட்கவில்லை. நாம்தான் மனத்துக்குள் முகம் சுளித்துக்கொண்டு ‘எதற்காகப் போனாள்?’ என்று கேட்டிருக்கிறோம். நம் சுளிப்பை அவர் பார்த்துவிட்டார். ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!’ என்று அடுத்து வருவது அம்மாளுவுக்கு அன்று, நமக்கு. கதைசொல்லி இரங்கி அழுதிருந்தால் நாமும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு, நல்லவர்களாக எழுந்து போயிருப்போம். அந்த வசதியை அவர் நமக்குத் தரவில்லை. அவர் குஷியாகப் பேசியதன் காரணம் இதுவே என்று மறுமாதக் கூட்டத்தில் அந்த மாணவியிடம் சொன்னேன்.

இது மேற்கிலிருந்து நாம் கடன் வாங்கிய உத்தி என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நவீன சிறுகதையின் வடிவம் அங்கிருந்து வந்தது உண்மை. எண்வகை மெய்ப்பாட்டில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அந்த நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் (காரணங்களில்) எள்ளலை, அதாவது கேலியை, முதலில் வைத்தார் என்பதும் உண்மை. புறநானூற்றின் 95-ஆம் பாடலில், அரசன் அதியமானுக்காக அவன் பகைவனான தொண்டைமானிடம் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, பீலி (மயில் தோகை) அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன ‘இவ்வே’ என்று புகழ்கிறார். ‘அவ்வே’, அதாவது அதியமானின் வேல்கள், பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. ‘இவை’, ‘அவை’ என்ற இரண்டு சுட்டுகளை எதிரெதிரே நிறுத்தியதிலேயே வேலை முடிந்துவிட்டது. கதை இல்லை, கவிதைதான்; ஆனால் குரலை நேராக வைத்துக்கொண்டு பொருளை வளைப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எல்லாரும் புதுமைப்பித்தனைப் போல உரத்துப் பேச வேண்டும் என்பதும் இல்லை. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையில், வேலை கேட்டு வந்த ஏழை ஒருவன் சினிமாக் கம்பெனியின் அறைக்குள் திடீரெனப் புலியாகவே மாறி எல்லாரையும் நடுங்கவைத்துவிட்டு, மறுகணம் பழையபடி கெஞ்சும் மனிதனாகி நிற்கிறான். கதைசொல்லியோ ஆபீஸ் விவகாரம் பேசுகிற அதே தணிந்த குரலில் இதையும் சொல்லிச் செல்கிறார். ஆச்சரியக்குறிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆச்சரியக்குறி என்றதும் என் சொந்த மனத்தாங்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரே கதையை ஒரு சிறுபத்திரிகை வெளியிட்டது. வட்டிக்கு விடும் ஒருவரை, அடகு வைத்த குத்துவிளக்கை மாதாமாதம் துடைத்து வைத்து, உரியவர் வந்தால் பார்க்கவும் அனுமதிக்கிற கருணையாளர் என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்த்தபோது ‘கருணையாளர்’ என்ற சொல்லுக்கு இருபுறமும் மேற்கோள் குறியும் பின்னால் ஓர் ஆச்சரியக்குறியும் முளைத்திருந்தன. வாசகருக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொன்னார்கள். வாசகரின் விலாவில் முழங்கையால் இடித்து, இங்கே சிரியுங்கள் என்று சொன்னதற்குச் சமம் அது. கதைசொல்லி அந்த மனிதரை உண்மையிலேயே கருணையாளர் என்று நம்புவதாகத் தோன்றினால்தானே படிப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும்?

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் சில கதைகளுக்கு மேலே ‘நகைச்சுவைச் சிறுகதை’ என்று கட்டம் கட்டிப் போடும் வழக்கத்தை ஒரு மாதத்துக்காவது நிறுத்திப் பாருங்கள். எங்கே சிரிப்பது, சிரித்ததற்காக எங்கே வெட்கப்படுவது என்பதை வாசகர்களாகிய நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தென்காசி.