திரும்பி வந்த மின்னஞ்சல்

கிளிநொச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மாவும் தம்பியும் நல்ல சுகம். மழை பிடித்துவிட்டது, இரணைமடுக் குளத்துக்கு நல்ல வரத்து. விடியப்புறம் வயலுக்குப் போன தம்பி இன்னும் வரவில்லை. அவன் சாப்பாட்டுக்கு வருவதற்குள் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

உன் பிறப்புச் சான்றிதழை ஸ்கான் பண்ணி அனுப்பச் சொன்னாய் அல்லவா? வியாழக்கிழமை ரவுணுக்குப் போய்க் கொமினிகேசன் கடையில் கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பினேன். காசு கொடுத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் கடைப் பிள்ளை கூப்பிட்டான். "அன்ரி, திரும்பி வந்திட்டுது. அக்காவின்ர பெட்டி நிரம்பிட்டுது, இனி ஒண்டும் போகாது." பிறகு வட்ஸ்அப்பில் போட்டேன், உனக்கும் கிடைத்தது. நீயும் "பறவாயில்லை அம்மா, அது கன நாளாக அப்படித்தான், இருபத்தையாயிரம் மெயில் கிடக்குது" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் அனுப்பியது திரும்பி வந்ததால் எனக்குத் தெரிந்தது. வேறு யார் யார் உனக்கு எழுதித் திரும்பிப் போனது என்று உனக்கு எப்படித் தெரியும்? விசா அலுவலகம் எழுதியிருக்கலாம், வேலைக்கு விண்ணப்பித்த இடம் எழுதியிருக்கலாம். பெட்டி நிரம்பினால் உன்னால் அனுப்பவும் முடியாது, உனக்கு வரவும் வராது. அளவு மீறி இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் உள்ளே இருப்பதை அழிக்கவும் கூடும் என்று கூகுளின் விதியிலேயே இருக்கிறதாம், தம்பி வாசித்துக் காட்டினான். கன நாள் என்றாயே, அது எத்தனை நாள் பிள்ளை?

நீ ஏன் ஒன்றையும் அழிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து வந்த பழக்கம். "எந்தத் துண்டையும் எறியாதே, எப்பவாவது கேட்பாங்கள்" என்று சொல்லிச் சொல்லித்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். நீ 1997-இல் மல்லாவியில் பிறந்தாய், யுத்தத்தால் நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஓடிப்போய் ஒரு வருடம். பதிவுத் துண்டை அன்றைக்கே எடுத்துப் பையில் வைத்தேன். செட்டிகுளம் அகதி முகாமில் எங்களுக்குப் பக்கத்துத் தறப்பாளில் இருந்த அக்காவுக்கு ஒரு கடுதாசியும் மிஞ்சவில்லை. தன் பிள்ளைகள் தன் பிள்ளைகள்தான் என்று எழுத்தில் காட்ட அவ பட்ட அலைச்சலை நீயும் பார்த்தாய். அந்தப் பயம் உனக்குள்ளும் இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் பத்திரங்கள் இருக்கிற பச்சைப் பையைப் பற்றி ஒரு விசயம் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதினொரு பன்னிரண்டு வயது. 2008 கடைசியில் திரும்பவும் யுத்தத்தால் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது என்னிடம் நான்கு பை நிறையக் கடுதாசி இருந்தது. கந்தோர்ச் சம்பளத் துண்டுகள், சங்கக்கடைப் புத்தகங்கள், உன் நாலாம் வகுப்புச் சித்திரங்கள், கலியாண வாழ்த்துக்கள் எல்லாம். தருமபுரத்தில் இருக்கும்போது நாலும் இருந்தது. விசுவமடு தாண்டி உடையார்கட்டுக்கு வந்த இரவு, இனி ஒரு பைதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு கையில் நீ, தோளில் தம்பி. குப்பி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பங்கர் வாசலில் இருந்து பிரித்தேன். ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்க்க எங்கே நேரம்? கையில் எடுத்தவுடன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இதை இனி ஒருக்கால் எங்கேயாவது எடுக்கலாமா? எடுக்கலாம் என்றால் விட்டேன். எடுக்க முடியாது என்றால் பச்சைப் பைக்குள் வைத்தேன். நாலு பையும் அரை மணித்தியாலத்தில் ஒரு பையானது. நாலையும் தூக்குவேன் என்று நின்றிருந்தால், தண்ணி கடந்த அன்று நாலையும் போட்டிருப்பேன். உன் பிறப்புச் சான்றிதழ் இன்றைக்கு என் கையில் இருப்பது அந்தப் பை சின்னதாக இருந்ததால்தான்.

நான் முதலில் என் பெட்டியில் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தம்பியின் லப்டொப்பில் நேற்றுப் பின்னேரம் இருந்தேன். என்னிடம் ஆறாயிரத்துச் சொச்சம் கிடந்தது. ஒன்றரை மணித்தியாலம் போனது, அதில் பாதி எங்கே என்ன இருக்கிறது என்று தேடியதில். உனக்கு அவ்வளவு ஆகாது. போனில் செய்யப் பார்க்காதே, கம்பியூட்டரில் திற. போனில் ஒன்றொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கை சலித்து விட்டுவிடுவாய், அதைத்தானே இவ்வளவு காலமும் செய்தாய்.

முதலில் இடம் எடுக்க வேண்டும். கூகுள் சும்மா தருவது 15 ஜிபி. அது மின்னஞ்சலுக்கு மட்டும் இல்லை, போனில் எடுக்கிற படங்களும் டிரைவில் போடுவதும் அதற்குள்தான். ஆகவே கணக்கின் சேமிப்புப் பக்கத்தைத் திறந்து எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று முதலில் பார். படங்கள்தான் நிரப்பியிருக்கிறது என்றால் அஞ்சலை எவ்வளவு அழித்தும் பெரிய பலன் இல்லை. அஞ்சலில் பாரமானதைக் கண்டுபிடிக்க, தேடுகிற கட்டத்தில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் 10எம் என்று போடு, larger:10M என்று. பத்து எம்பிக்கு மேலானது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு முப்பத்திரண்டு வந்தது, அதில் பாதி கோயில் திருவிழாப் படங்கள், ஒரே படம் மூன்று பேர் அனுப்பியது. வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றதை அழி. அழித்தால் குப்பைத் தொட்டிக்குள் போய் 30 நாள் இருக்கும், அதுவரைக்கும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்தப் பெரியவற்றுக்கு மட்டும் தொட்டியையும் உடனே வெறுமையாக்கு.

பிறகு விளம்பரம். ஜிமெயில் தானே பிரித்து புரமோசன்ஸ் என்று ஒரு பக்கம் வைத்திருக்கும். உன் இருபத்தையாயிரத்தில் பெரும்பாலானது அங்கேதான் கிடக்கும், சத்தியமாகச் சொல்வேன். மேலே இடப்பக்கம் உள்ள சின்னச் சதுரத்தை அழுத்தினால் அந்தப் பக்கத்தில் தெரிகிற ஐம்பதை மட்டும்தான் பிடிக்கும். நான் இதில்தான் மினக்கெட்டேன், ஐம்பது ஐம்பதாக ஏழெட்டுத் தரம் அழித்தேன். தம்பி வந்து காட்டினான். சதுரத்தை அழுத்தியவுடன் பட்டியலுக்கு மேலே ஒரு வரி வரும், இந்தப் பிரிவில் உள்ள எல்லாவற்றையும் தெரிவு செய்யவா என்று கேட்டு. அதை அழுத்தினால் மூவாயிரமோ பத்தாயிரமோ ஒரே தரத்தில் போகும். அழுத்துவதற்கு முன் மூன்று நாலு பக்கம் புரட்டிப் பார், விமானச் சீட்டு ஏதாவது தவறி அங்கே கிடக்கலாம். இவற்றை அழித்தபின் தொட்டியை வெறுமையாக்காதே, ஒரு மாதம் கிடக்கட்டும். மனம் கேட்காவிட்டால் போய்ப் பார்க்கலாம்.

அழித்துவிட்டு வருகிற வழியைத் திறந்து விட்டால் அடுத்த தைப்பொங்கலுக்குள் திரும்ப நிரம்பும். கடைக்காரரின் கடிதத்தைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் அன்சப்ஸ்கிரைப் என்று இருக்கும், அழுத்தினால் நின்றுவிடும். 2024-இலிருந்து, மொத்தமாக அனுப்புகிற பெரிய நிறுவனங்கள் ஒரே அழுத்தில் நிறுத்துகிற வசதி வைக்கவேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ஆர் எவர் என்று தெரியாத ஆள் அனுப்பியிருந்தால் அதற்குள் இருக்கிற எதையும் அழுத்தாதே. அது நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவனுக்குச் சொல்வது போல. ஸ்பாம் என்று குறித்துத் தள்ளிவிடு.

மிஞ்சுவது மனிதர் எழுதியதும் அலுவலகங்கள் எழுதியதும். அதில்தான் அந்தக் கேள்வியைக் கேள், இனி ஒருக்கால் எடுக்கலாமா என்று. வங்கிக் கணக்கு அறிக்கை வங்கியின் பக்கத்திலேயே இருக்கும், எடுக்கலாம். சாமான் வாங்கிய பழைய பற்றுச்சீட்டு வேண்டாம். பல்கலைக்கழகம் அனுப்பியது, விசா, வேலைக் கடிதம், உன் சிநேகிதி தன் அம்மா செத்த நேரம் எழுதியது, இவை எடுக்க முடியாதவை. இவற்றில் தீர்மானிக்க முடியாமல் கை நடுங்கினால் அழிக்காதே, ஆர்கைவ் பண்ணு. கண்ணுக்கு முன்னால் இருந்து விலகும், தேடினால் வரும். இடம் மட்டும் குறையாது, அதை மனதில் வைத்துக்கொள். ஒரு வருடத்துக்கு முந்தியதை எல்லாம் இப்படி ஒரே தரத்தில் ஆர்கைவுக்குத் தள்ளிவிட்டால் உன் பெட்டி அன்றைக்கே வெளித்துவிடும்.

லேபிள் என்றால் கடிதத்துக்கு ஒட்டுகிற பெயர்த்துண்டு மாதிரி, அதைக் கனக்க வைக்காதே. எங்கள் கந்தோரில் ஒரு எழுதுவினைஞர் இருந்தார், நல்ல மனுசன், கோவைக்குள் கோவை வைப்பார். ஒரு காணிக் கடிதத்துக்கு ஆறு கோவை. அவர் லீவு போட்ட நாளில் ஒருவராலும் ஒன்றும் எடுக்க முடியாது. நான் இருபத்தாறு வருடம் உள்வரும் தபால் பார்த்தவள். காலையில் பை வரும், உடைத்து, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் இரண்டில் ஒன்று போடுவோம், நடவடிக்கைக்கு அல்லது கோவைக்கு. பத்து மணிக்கு மேசை வெறுமை. உனக்கு மூன்று லேபிள் போதும்: செய்ய வேண்டியது, பத்திரங்கள், வீடு. காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் பார்த்தால் போதும். நாள் முழுக்க அந்தச் சிவப்பு இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து மனம் களைத்துப் போகும் பிள்ளை. போனில் உன் குரலில் அந்தக் களைப்பு எனக்குக் கேட்கிறது.

இன்னும் ஒன்று, இது எனக்காக. தேடும் கட்டத்தின் வலப்பக்கம் உள்ள குறியை அழுத்தி, அனுப்பியவர் என்ற இடத்தில் என் முகவரியைப் போட்டு ஒரு ஃபில்டர் செய். ஸ்பாமுக்கு ஒருபோதும் போகக்கூடாது, வீடு என்ற லேபிளுக்குப் போகவேண்டும் என்று இரண்டையும் குறித்துவிடு.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன், வட்ஸ்அப்பில் போடமாட்டேன். பச்சைப் பையின் அடியில் இருந்த ஒன்றை இதுவரை உனக்குக் காட்டவில்லை. நீ பிறந்து நாலு மாதத்தில் பெரியமாமா யாழ்ப்பாணத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் மூலம் அனுப்பிய கடிதம், அரைப் பக்கம்தான். மடிப்பில் கிழிந்திருக்கிறது, நீலப் பேனை மங்கிவிட்டது. பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதை ஸ்கான் பண்ணி அனுப்புகிறேன், இடம் எடுத்து வை.

தம்பியின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்கிறது. வடிவாகச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா