அப்பாவின் தாயத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி பஸ் வராத ஊர் எங்களுடையது. போன தை மாதம் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே பெட்டியைத் தோளில் சுமந்து ஏறி வந்தவர்களுக்கு இந்த மடல். அப்பா ஆறு மாத மாத்திரையை முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அப்பாவுக்குப் பெரிதாக இருமல் இல்லை. சாமை அறுப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார், இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. பீடியும் வயசும்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அடிவாரத்து கிளினிக் ஒன்றில் மூன்று முறை சத்து ஊசி போட்டார்கள். அந்தக் கதை வேண்டாம்.

அன்று ஊரில் கரண்ட் இல்லை. கேமரா போலிருந்த கருவி பேட்டரியில் ஓடியது. "இருமுறவங்கள எடுங்க, எனக்கென்ன" என்று நழுவினார் அப்பா. பிடித்து நிறுத்தினால், கழுத்துத் தாயத்தைக் கழற்ற மாட்டேன் என்றார். "தரையில வைக்க மாட்டேன் ஐயா, படம் எடுக்கிற வரைக்கும் என் கையிலயே இருக்கும்" என்று வாங்கிக்கொண்டார் செவிலியர் அக்கா. அக்கா, உங்களுக்கு முதல் நன்றி. 2019–21இல் நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில் தெரிய வந்த காசநோயாளிகளில், எக்ஸ்ரே இல்லாவிட்டால் 100க்கு 42 பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்களாம். அப்பாவும் அந்த 42இல்தான் சேர்ந்திருப்பார்.

படம் எடுத்த பிறகு சளிப் பரிசோதனைக்குத் தந்த முதல் டப்பாவில் அப்பா கொடுத்தது வெறும் எச்சில். விடியற்காலையில் வாயைக் கொப்பளித்து, மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து காறச் சொல்லிக் கொடுத்து, இரண்டாவது டப்பாவை பைக்கில் இறக்கிக்கொண்டு போன தம்பிக்கும் நன்றி. சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட் சோதனையின் முடிவு மறுநாளே போனில் வந்தது.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ரத்தம் என்று அப்பா வீட்டையே கலக்கிவிட்டார். ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுத்து, "மருந்தோட நிறம்தான், தூங்கச் சொல்லுங்க" என்ற காசநோய்ப் பிரிவு சாருக்கும் நன்றி. என் நான்கு வயது மகனுக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தது அவர்தான். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் முட்டையும் வேர்க்கடலையுமாக வந்தது. இதில் பீடிக்குப் போனது எவ்வளவு என்று அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் வந்த அன்று மேல்காட்டுக் குடிசைக்காரர்கள் குடகுக்குக் காப்பி பறிக்கப் போயிருந்தார்கள். இப்போது ஊரில்தான் இருக்கிறார்கள். மறுபடி வாருங்கள். பெட்டியைத் தானே சுமந்து ஏறுவதாக அப்பா சொல்கிறார்.