முகமூடி போட்டால் சிறுவர் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை என் தங்கையின் மகன் திடீரெனச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டான். வயது எட்டு. முதல்நாள் இரவு ‘லோகன்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்திருக்கிறான். பென்டிரைவில் படம் ஏற்றிக் கொடுத்த கடைக்காரத் தம்பி, “அது காமிக்ஸ் ஆள்தான் அண்ணை, பிள்ளையள் பார்க்கலாம்” என்றாராம்.

2017இல் வந்த அந்தப் படத்துக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ (R) தரம். 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டரில் பார்க்க முடியாது. தொடக்கத்திலேயே கார்ச் சக்கரங்களைத் திருட வந்தவர்களை நாயகன் கையிலிருந்து நீளும் உலோக நகங்களால் குத்திக் கிழிக்கிறான். பிறகு ஒரு சிறுமியும் அதே வேலையைச் செய்கிறாள்!

எனக்குப் படம் பிடித்தது, அது வேறு கதை. அதில் இரத்தத்துக்கு வலி உண்டு. 2016இல் வந்த ‘டெட்பூல்’ என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகனின் படத்திலோ வெட்டும் குத்தும் பகிடியாகப் போகின்றன. சின்னவர்களுக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

கடைக்காரரை மட்டும் குறைசொல்லவில்லை. முகமூடி நாயகனின் படம் போட்ட சட்டையைப் பார்த்து, அவனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தவன் நான்தான். படம் ஏற்றும் கடைகள், “பார்க்கப்போவது யார், என்ன வயது?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்